படம் வராத பாட்டு

ரங்கன் என் சட்டைக் காலரைப் பிடித்தபோது பாட்டு சரணத்துக்கு வந்திருந்தது. கோவில்பட்டி போகிற டவுன் பஸ்ஸில், சந்தை நாள் கூட்டத்துக்கு நடுவில், அவன் தங்கச்சி உலகம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக மூடி நின்றாள். மூடின உதட்டுக்குக் கீழே, தாவணிக்கு உள்ளே, விலா எலும்புக்குப் பின்னாலிருந்து வயலின்கள் எழும்பி எழும்பி அடங்க, ஒரு ஆண் குரலும் ஒரு பெண் குரலும் மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தன. பழைய பாட்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த பாட்டு. பஸ்ஸில் முப்பதைத் தாண்டின அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், கண்ணைத் துடைக்க. டிரைவர்கூட கியரை மாற்றாமல் மெதுவாக உருட்டினார், பாட்டுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று.

ரங்கன் மட்டும் அழவில்லை. அவனுக்கு வேறு ஒன்று புரிந்துவிட்டது.

"மேட்டுப்பட்டி விலக்கு வரைக்கும் சும்மாதானல இருந்துச்சு? விலக்குல ஏறினதும் ஆரம்பிக்கி. ஆளப் பாத்துப் பாடுதுல இது! விலக்குல ஏறினவன் எவன்?"

ஏறினவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தான். பாலிடெக்னிக் பையன் ஒருவனை உலுக்கினான், அவன் அழுதே விட்டான். ஒரு பால்காரரைப் பிடித்தான், அவர் "எனக்குப் பேத்தி இருக்குப்பா" என்றார். அப்புறம் என் காலரைப் பிடித்தான். மூஞ்சியைப் பார்த்தான். தோளில் சுருட்டி மாட்டியிருந்த வயரைப் பார்த்தான். கையைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"சீ. மைக்செட்டுப் பய. தள்ளி நில்லுல, மேல படாம."

என்னைக் காப்பாற்றியது அந்த வார்த்தைதான். தங்கச்சியின் நெஞ்சு என்னைப் பார்த்துத்தான் பாடுகிறது என்று அவன் கனவில்கூட நினைக்க மாட்டான், ஏன் என்றால் அவர்கள் தெரு வேறு, எங்கள் தெரு வேறு. என்ன சாதி என்று எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் ஏதாவது ஒரு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு படிப்பீர்கள். எங்கள் வெம்பக்குளத்தில் எனக்கு முன்னால் இதே மாதிரி இருந்த ஒருத்தனை ரயில் தண்டவாளத்தில்தான் பொறுக்கி எடுத்தார்கள், தற்கொலை என்று எழுதிக்கொண்டார்கள். அது தெரிந்தால் போதும், மீதிக் கதை புரியும்.

என் பெயர் பேச்சிமுத்து. பத்தாம் வகுப்பில் கணக்கு போய்விட்டது, மறுபடி எழுதப் பிடிக்கவில்லை, ஜெபமணி சவுண்ட் சர்வீஸில் சேர்ந்துவிட்டேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவது நான், கீழே நின்று வயர் விடுவது சந்தனம், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவது ஜெபமணி அண்ணன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் சாமி பாட்டு, அப்புறம் வீட்டுக்காரர் கேட்கிற பாட்டு, அதெல்லாம் முடிந்து பந்தி ஓய்ந்த பிறகு வருகிற பாட்டு மைக்செட்டுப் பையனுடையது. அதை யாருக்காகப் போடுகிறோம் என்பது போடுகிறவனுக்கும் கேட்கிறவளுக்கும்தான் தெரியும். ஊர் முழுக்கக் கேட்கும், ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. இதைவிடப் பாதுகாப்பான காதல் கடிதம் கிடையாது, கையெழுத்துகூட நல்லா இருக்க வேண்டியதில்லை.

நான் போட்டது எப்போதும் ஒரே பாட்டு. தீப்பெட்டி ஆபீஸ் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வேப்பமரத்தில் உட்கார்ந்து குழாய் கட்டியபோது, கீழே தீப்பெட்டிக் கட்டு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் வரிசையில் ஒருத்தியின் கை மட்டும் அந்தப் பாட்டின் புல்லாங்குழல் வந்ததும் நின்றது, கணக்கப்பிள்ளை "ஏட்டி, உன் கை என்ன வாடகைக்கா போயிருக்கு?" என்று கத்திய பிறகும் நின்றபடியே இருந்தது. அன்றிலிருந்து அதே பாட்டுதான். பிறகு ஒருநாள் மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது, மெஷின் சத்தத்துக்கு மேல் உலகம்மாள் அவளாகவே கத்திக் கேட்டாள்.

"அது எந்தப் படத்துப் பாட்டு?"

"படம் வரல. கேசட்டு மட்டும் வந்துச்சாம். படம் பாதியிலேயே நின்னு போச்சு."

"அப்ப அந்தப் பாட்டுக்கு யாரு நடிச்சது?"

"யாருமில்ல."

"அப்ப நாம நடிச்சுக்கிடுவோம்," என்று சொல்லிவிட்டு மாவுத் தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.  

அவள் சித்தப்பா வீட்டுச் சடங்கில்தான் டேப் சிக்கி அறுந்தது. பாட்டு பாதியில் நின்றது, ஜெபமணி அண்ணன் வைதுகொண்டே கேசட்டை வெளியே இழுத்தார், பந்தலில் எல்லாரும் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள், அப்போது சந்தனக் கும்பாவோடு நின்ற உலகம்மாளின் நெஞ்சுக்குள்ளிருந்து, அறுந்த இடத்துக்கு அடுத்த சொல்லில் தொடங்கி, பாட்டு தொடர்ந்தது. மீதிப் பாட்டு முடிகிறவரை எல்லாரும் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு கிழவர், "வேற கேசட்டு இல்லாட்டியும் பரவாயில்ல, இந்தப் பிள்ளையை உக்கார வைங்க," என்றார். பந்தி தொடர்ந்தது.

அப்படித்தான் எங்கள் ஊர் அதை எடுத்துக்கொண்டது. மழை பெய்தால் குடை பிடிக்கிற மாதிரி. மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள், ஆஸ்பத்திரி எங்கள் கடைக்கு எதிர்த்தாற்போல இருந்ததால் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் பாட்டு வந்தது; டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், வெளியே பேதிக்காரர்களும் காய்ச்சல்காரர்களும் காத்திருக்க முழுப் பாட்டையும் கேட்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு "நுரையீரல் சுத்தமா இருக்கு, எம்.பி.பி.எஸ். படிக்கும்போது ஹாஸ்டல்ல இதைக் கேட்டது" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மைக் பிடித்தது நான், அதனால் பாட்டு விடாமல் வந்தது, பேயோட்டுகிற தாளத்தில் உடுக்கை அடித்துப் பார்த்தவர் பாட்டோடு ஒத்துப்போகாமல் திணறி, கொஞ்ச நேரத்தில் தாளத்தை மாற்றிப் பாட்டுக்கே வாசிக்க ஆரம்பித்து, கடைசியில் "இது பேயில்ல, நல்ல சரக்கு" என்று எழுந்து போய்விட்டார். தீப்பெட்டி ஆபீஸில் அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். மதியம் நான் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே வேப்பமர நிழலில் சோறு தின்னும்போது உள்ளே பாட்டு வரும், பெண்களின் கை வேகமாக ஓடுகிறது என்று கணக்கப்பிள்ளை சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் வேலை முடித்து நான் சைக்கிளில் அவள் தெருமுக்கைத் தாண்டுவேன். அந்த நேரத்துக்கு அவள் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருக்கும். வாத்தியார் சம்சாரம் உறை மோர் கேட்கிற சாக்கில் தினமும் கிண்ணத்தோடு வந்து, கிண்ணத்தை மறந்துவிட்டு நிற்பாள். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வருவார். கூட்டுறவு வங்கிக் காசாளர், கொத்தனார், கோயில் பூசாரி என்று எல்லாரும் வருவார்கள். ஒவ்வொருத்தருக்கும் அந்தப் பாட்டுக்குள் ஒரு ஆள் இருந்தது. மஞ்சள் தாவணி கட்டினவள், பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வராமல் போனவன், பம்பாய்க்குப் போனவன், மாமனுக்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். ஒருத்தருக்கொருத்தர் எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பாட்டு முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, பால் கறக்கணும்" என்று எழுந்து போவார்கள். எல்லாருக்கும் நடுவில் சாய்வு நாற்காலியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கிடப்பார் உலகம்மாளின் அப்பா தெய்வநாயகம், பருத்திக் கமிஷன் மண்டிக்காரர். துண்டு நனைந்திருக்கும். அவருக்கும் ஒருத்தி இருந்தாளாம், திருநெல்வேலியில் படிக்கும்போது. அதை அவர் சொல்லவில்லை. துண்டு சொன்னது.

நான் சைக்கிளை மெதுவாக மிதிப்பேன். ஊருக்குப் பாட்டுப் போடுவது எப்போதும் போல நான்தான். குழாய் மட்டும்தான் மாறியிருந்தது.

பஸ்ஸில் நடந்ததற்கு அப்புறம் எல்லாம் கெட்டது. சும்மா பாடுகிற வரைக்கும் அது வியாதி, யாரும் கோபப்படவில்லை. ஒரு ஆளைப் பார்த்துப் பாடுகிறது என்றதும் அது மானப் பிரச்சனை. அன்று சாயங்காலமும் தெய்வநாயகம் துண்டைப் போட்டுக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டு அழுதார். அழுது முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எவன்னு கண்டுபிடிங்கல. எந்தச் சாதியா இருந்தாலும் சரி, நம்மாளா இல்லாட்டி அவன் உசிரோட இருக்கப்படாது," என்றார். இதை எனக்குச் சொன்னது டீக்கடைக்காரர். சொல்லும்போது அவர் கண்ணும் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

கோயில் கமிட்டி கூடி முடிவு பண்ணியது: ஞாயிற்றுக்கிழமை உலகம்மாளைத் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப் போவது, கல்யாணமாகாத ஆம்பிளைகள் எல்லாரும் அவரவர் வாசலில் நிற்க வேண்டியது, எந்த வாசலில் பாடுகிறதோ அவன்தான். அறிவிப்புக்கு யாரைக் கூப்பிடுவார்கள்? எங்களைத்தான். ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு நான்தான் மைக்கில் வாசித்தேன். "அன்பார்ந்த பொதுமக்களே, வருகிற ஞாயிறு காலை..." சந்தனம் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"தூக்குக் கயித்துக்கு எண்ணெய் தேய்க்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கேன். அதுக்கு விளம்பரமும் பண்ணுறவனை இப்பத்தான் பாக்கேன். ராத்திரி திருப்பூர் வண்டியேறிருல."

"போனா? போனது யாருன்னு பாப்பாங்க. எங்கம்மா இங்க இருக்கு."

"அப்ப சாவு."

"பாத்துக்கிடலாம்."

"என்னத்தப் பாக்க? நீ பாத்ததுதான இவ்வளவும்."

ஊரில் பாதிப் பையன்கள் பயந்தார்கள், மீதிப் பாதி சலூனில் வரிசையில் நின்றார்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். பாட்டு தங்களைப் பார்த்துப் பாடிவிடாதா என்று அவள் தெருப் பையன்கள் புதுச் சட்டை எடுத்தார்கள், பவுடர் போட்டுப் பழகினார்கள், கடைசியில், பெண் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன நாற்பது வயசு டிராயிங் மாஸ்டர் மீசைக்கு மை வாங்கினார். எங்கள் தெருவில் அம்மாக்கள் பையன்களை அடித்துக் கேட்டார்கள், "நீயாடா? நீயாடா?" என்று. எங்கம்மா என்னை அடிக்கவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் இருக்கும் என்று அதுவும் நினைக்கவில்லை.

நாங்கள் பேச முடிகிற இடம் ஒன்றே ஒன்றுதான், மாவு மில். மெஷின் ஓடும்போது நெஞ்சுப் பாட்டு வெளியே கேட்காது. ஒருத்தர் காதில் ஒருத்தர் கத்தித்தான் பேச வேண்டும், காதலைக் கத்திச் சொன்னது உலகத்தில் நாங்கள்தான் இருப்போம்.

"ஓடிருவோமா?" என்று கத்தினேன்.

"எங்க ஓட? பஸ்ல ஏறினா பாடும். எந்த ஊர்ல வீடு எடுத்தாலும் நீ வேலை விட்டு வரும்போதெல்லாம் தெருவே எட்டிப் பாக்கும். ஒரு நெஞ்சு பாடுதுன்னு பேப்பர்ல போட்டாலே போதும், எங்க அண்ணன் வந்துருவான்."

"ரயில் சத்தத்துல கேக்காது."

"அதுக்கு ரயில்லயே குடியிருப்பியா?"

 மிளகாய்த் தூள் காற்றில் பறந்து ரெண்டு பேருக்கும் கண் எரிந்தது.

"ஒரு வழி இருக்கு பேச்சி. நேத்துக் கண்டுபிடிச்சேன். நீ செத்துட்டன்னு நெனச்சா நிக்கி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இங்கதான நிக்கேன்."

"சும்மா நெனச்சா நிக்கல. முழுசா நெனைக்கணும். எப்படிச் செத்த, யாரு வந்து சொன்னா, எந்தத் தெரு வழியாத் தூக்கிட்டுப் போனாக, உங்கம்மா எப்படி அழுதாக, எல்லாம்."

"நான் எப்படிச் செத்தேன்?"

"மரத்துல இருந்து விழுந்து."

"நானா? நான் விழவே மாட்டேன்."

"சரி, கரண்டு அடிச்சு."

"அது நடக்கும்."

அப்போது பார்த்து நிஜமாகவே கரண்டு போனது. மெஷின் இழுத்து இழுத்து நின்றது, மில்லில் இருந்த அத்தனை பேருக்கும் நடுவில் பாட்டு தெளிவாகக் கேட்டது, பல்லவியின் இரண்டாவது வரி, தலைகள் திரும்பத் தொடங்கின. உலகம்மாள் கண்ணை மூடினாள். அவள் முகம் எழவு வீட்டு முகமாக மாறுவதை நான் ஒரு முழம் தூரத்தில் நின்று பார்த்தேன். பாட்டு வார்த்தைக்கு நடுவில் நின்றது. "யாரோ ரேடியோவ மூடிட்டாம்பா," என்றார் மில்காரர்.  உயிரோடு இருப்பது பற்றி எனக்குக் கொஞ்ச நேரம் நிச்சயமில்லாமல் இருந்தது.

அதிலிருந்து அவள் தினமும் பழகினாள். படிக்கிற பிள்ளைகள் வாய்ப்பாடு படிக்கிற மாதிரி. ஒவ்வொரு முறை என்னைச் சாகடிக்கும்போதும் பாட்டில் ஒன்று குறைந்தது: முதலில் புல்லாங்குழல் போனது, திரும்பி வரவில்லை. அப்புறம் ஆண் குரல் போனது, பெண் குரல் மட்டும் தனியாகக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருக்கும், அந்த இடத்தில் யாரும் பாட மாட்டார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் "என்னப்பா, வால்யூம் குறைஞ்சிக்கிட்டே போகுது" என்று முன்னால் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

நினைப்பு மட்டும் போதவில்லை போல. ஒருநாள் பெருமாள் கோயில் தென்னையில் ஏறிக் குழாய் கட்டும்போது அவள் வீட்டுக் கொல்லைப்புறம் தெரிந்தது. தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்தாள். மதில்மேல் இலைத் துண்டில் சோறு வைத்து, பருப்பும் நெய்யும் ஊற்றி, தண்ணீர் சுற்றினாள். செத்தவர்களுக்கு வைக்கிற மாதிரியே. வானத்தைப் பார்த்து வாயசைத்தாள், மூன்றெழுத்து, பேச்சி. ஒரு காக்காய் வந்து தின்றது. நன்றாகத் தின்றது. நான் அன்றைக்குக் காலையிலிருந்து பட்டினி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "யாருக்குடி வைக்கே?"

"செத்தவுகளுக்கு."

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். முன்னால் கமிட்டிக்காரர்கள், நடுவில் உலகம்மாள், பின்னால் தெய்வநாயகமும் ரங்கனும், ரங்கன் கையில் ஒரு துணிப் பொட்டலம், உள்ளே என்ன என்று எல்லாருக்கும் தெரியும். வாசலுக்கு வாசல் நின்று நின்று நடத்தினார்கள். பவுடர் பூசின பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பாட்டு வரவில்லை. டிராயிங் மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டே ஒரு அடி முன்னால் வந்தார், "சார், வாசல்லயே நில்லுங்க" என்றார்கள், வரவில்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேலத்தெரு, கீழத்தெரு, கடைத்தெரு எல்லாம் முடிந்து எங்கள் தெரு முக்கில் நின்றார்கள்.

"இங்கெல்லாம் எதுக்குப்பா? அசிங்கம்," என்றான் ரங்கன்.

"ஊர்னா ஊருதான். ஒரு வாசல் விடக் கூடாது," என்றார் தெய்வநாயகம்.

வந்தார்கள். சந்தனம் என் பக்கத்தில் நின்றான். உலகம்மாள் என் வாசலுக்கு நேராக வந்து நின்றாள். நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், நல்லவன் மாதிரி எழுத எனக்கு வராது. பாடு என்று நினைத்தேன். ஒரே ஒரு வரி பாடு, அப்புறம் பொட்டலத்தைப் பிரிக்கட்டும், தண்டவாளத்தில் போடட்டும், பரவாயில்லை, ஆனால் எனக்காகப் பாடு. அவள் என்னைப் பார்த்தாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்குமே, யாரோ சின்ன வயசில் போன பையன், அதை ஒரு நிமிஷம் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு நகருவோமே, அந்த மாதிரிப் பார்த்தாள். ஒரு முனகல்கூட வரவில்லை. நகர்ந்துவிட்டாள்.

சந்தனம் மூச்சு விட்டான். "பொழைச்சலே," என்றான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

யாருக்கும் பாடவில்லை என்றதும் ஊர் குழம்பியது, ரொம்ப நேரம் இல்லை, அன்று சாயங்காலம் வரைக்கும்தான். பக்கத்து வீட்டு அக்கா காக்காய்க்கு வைத்த சோற்றைப் பற்றிச் சொன்னாள். உடனே எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறவன் யாருக்கும் பாடவில்லை, அப்படியானால் அவன் செத்தவன். பஸ்ஸில் பாடியது எங்கே? மேட்டுப்பட்டி விலக்கில். அங்கே செத்தது யார்? போன வருஷம் லாரி அடித்த குணசீலன், காலேஜ் பையன், நல்ல பையன், வடக்குத் தெரு. தினமும் சாயங்காலம் பாடியதே, அது அவன் காலேஜ் விட்டு வருகிற நேரம் இல்லையா? ஆமாம், ஆமாம், என்று டீக்கடையில் அத்தனை தலையும் ஆடியது. நான் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

குணசீலனும் அவர்கள் சாதி இல்லை. உயிரோடு இருந்திருந்தால் அவனுக்கும் பொட்டலம்தான். ஆனால் செத்தவன் அல்லவா, ஊரே உருகிவிட்டது. குணசீலனின் அம்மா ராசம்மா தட்டில் சேலையும் பூவும் வைத்துக்கொண்டு தெய்வநாயகம் வீட்டு வாசலுக்கு வந்தாள். பரம்பரையாக அந்த வாசலை மிதிக்காதவள், அவளை உள்ளே உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். "எம் மருமவளே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தாயி" என்று அவள் உலகம்மாளைக் கட்டிக்கொண்டு அழ, உலகம்மாள் மறுக்காமல் அவள் முதுகைத் தடவிக் கொடுக்க, தெய்வநாயகம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இருந்திருந்தா நானே கட்டி வச்சிருப்பேன். சாதியா பெருசு?" பொய். அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். அத்தனை பேரும் அழுதார்கள்.

அடுத்த முகூர்த்தத்திலேயே உலகம்மாளுக்குச் சாத்தூர் மாப்பிள்ளை. மைக்செட்டு நாங்கள்தான். பேச வந்த தெய்வநாயகம் எல்லாம் பேசி முடித்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஜெபமணி, அந்தப் பாட்டு இன்னொரு கேசட்டு கெடைக்குமா? பிள்ளை இப்பப் பாட மாட்டேங்கா. மதுரையில எங்கயாவது..."

"படமே வரலையே அண்ணாச்சி. கேசட்டுக்கு எங்க போக? டேப்பு அறுந்ததுல இருந்து நானும் தேடுதேன்."

"மெட்டாவது யாருக்காவது ஞாபகம் இருக்குமா?"

ஜெபமணி அண்ணன் முனகிப் பார்த்தார், வேறு ஏதோ பாட்டில் போய் முடிந்தது. தெய்வநாயகமும் முனகினார், அதுவும் வேறு எங்கோ போனது. அப்போதுதான் தெரிந்தது, ஊரில் ஒருத்தருக்கும் அது ஞாபகம் இல்லை. அழுதது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். போட்டு என்ன செய்ய? கேட்க ஒன்றும் இல்லை. எனக்குப் பாவமாக இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாவு மில்லில் அவளைப் பார்த்தேன். பலகார மாவு அரைக்க வந்திருந்தாள். கரண்டு இல்லை, மெஷின் ஓடவில்லை, சாதாரணமாகவே பேச முடிந்தது. முதல் முறையாக அவள் குரலை மெதுவாகக் கேட்டேன், நல்ல குரல். பேச்சை ஆரம்பித்தது நான்.

"எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல? இனிம யாருக்கும் சந்தேகம் வராது. இப்ப என்னை உயிரோட நெனச்சுப் பாரு. நாளைக்கே போயிருவோம். நாகர்கோயில் பக்கம் ஜெபமணி அண்ணனுக்கு ஆளு இருக்கு."

"பாத்தேன் பேச்சி. ரொம்ப முயற்சி பண்ணிப் பாத்தேன். வர மாட்டேங்கு."

"எது?"

"நீதான். உன்னைப் பாத்தா பாவமா இருக்கு. நல்ல பையன், மரத்துலல்லாம் ஏறுவான், அல்பாயுசுல போயிட்டான்னு தோணுது. அதுக்கு மேல ஒண்ணும் தோணல." அவள் அழவில்லை. என் சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட வந்த கை பாதியில் நின்றது. "நான் சொல்லுறதக் கேளு. நீயும் பழகிக்கோ. நான் செத்துட்டேன்னு நெனை. எப்படின்னு நீயே வச்சுக்கோ, தீப்பெட்டி ஆபீஸ்ல தீப்புடிச்சுன்னு வச்சுக்கோ. எம் பேரைச் சொல்லி ஒரு கைச் சோறு காக்காய்க்கு வை. முதல்ல கஷ்டமா இருக்கும். அப்புறம் லேசாயிரும். செய்வியா?"

நான் தலையாட்டினேன். தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

கல்யாணத்தன்று தாலி கட்டும்போது கெட்டிமேளக் கேசட்டைப் போட்டது நான். சாமி பாட்டு, வீட்டுக்காரர் கேட்ட பாட்டு எல்லாம் போட்டாகிவிட்டது. பந்தி ஓய்ந்ததும், "உன் பாட்டு எதாவது போடுல," என்றார் ஜெபமணி அண்ணன். மெஷினை அணைத்துவிட்டு மண்டபத்துக்குப் பின்பக்கம் போனேன். சந்தனம் எனக்கு ஒரு இலைச் சோறு வாங்கி வைத்திருந்தான். பருப்பு, நெய், எல்லாம் இருந்தது. முன்பக்கம் அவளைக் காரில் ஏற்றுகிற சத்தமும் குலவையும் கேட்டது. மதில்மேல் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தது. வேலை ரொம்பச் சின்ன வேலைதான், ஒரு கை எடுத்து மதிலில் வைக்க வேண்டும், உலகம்மா என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும்.

"ச்சூ" என்று விரட்டினேன். போகவில்லை. இன்னும் கிட்டே தத்தியது. இலையைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் நானே தின்றேன்.